மெத எலவின் சேறு

கண்டி வாவி நிரம்பினால் மிஞ்சும் தண்ணீர் எங்கே போகிறது என்று ஊர்க்காரர்களைக் கேட்டால், மெத எலவைக் கைகாட்டுவார்கள். சிங்களத்தில் 'மெத' என்றால் நடு, 'எல' என்றால் வாய்க்கால். பெயருக்கேற்றபடி அது ஊரின் நடுவே ஓடுகிறது. போகம்பரைப் பக்கம் தொடங்கி, பாலங்களுக்கும் கடைகளின் பின்கதவுகளுக்கும் கீழாக நுழைந்து, கராஜ்களையும் வண்டி கழுவும் இடங்களையும் பட்டறைகளையும் தொட்டுக்கொண்டு, கெட்டம்பேயில் மகாவலி கங்கையில் போய் விழுகிறது. சில கிலோமீற்றர் தூரம்தான். அந்தத் தூரத்துக்குள் ஊர் கழுவி ஊற்றுவதெல்லாம் அதில் சேர்ந்துவிடுகிறது. மழை விட்ட கையோடு பாலத்தில் நின்று பாருங்கள். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மயில்கழுத்து நிறத்தில் விரிந்து சுருங்கும்.

அந்தப் படலம் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு நாளில் போய்விடுகிறது. இந்த அத்தியாயம் கண்ணுக்குத் தெரியாததும் போகாததுமான ஒன்றைப் பற்றியது. ஈயம் தண்ணீரில் கரைந்து நெடுந்தூரம் போகும் பொருளல்ல. களிமண் துகளையோ, இரும்பு மங்கனீசுத் துருவையோ, அழுகிய இலைக்கூழையோ கண்டால் அதில் ஒட்டிக்கொண்டு அடியில் இறங்கிவிடும். அதனால்தான் வாய்க்கால் தண்ணீரைப் போத்தலில் பிடித்துச் சோதித்து 'நல்ல தண்ணீர்' என்று எழுதித் தரும் அறிக்கையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. கேள்வியைச் சேற்றிடம் கேட்க வேண்டும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்துப் புவிச்சரிதவியலாளர்கள் அப்படித்தான் கேட்டார்கள். சி. பி. திசாநாயக்கவும் அவருடன் பணியாற்றியவர்களும் கண்டி வாவியின் மாசு பற்றிய ஆய்வொன்றை 1982இல் வெளியிட்டார்கள். 1987இல் மெத எலவின் கன உலோகங்களைப் பற்றி இன்னொன்று வந்தது. இலங்கையில் சுற்றாடல் என்ற சொல்லே அரச காகிதங்களுக்குப் புதிதாயிருந்த காலம் அது. தேசிய சுற்றாடல் சட்டம் 1980இல்தான் வந்தது; மத்திய சுற்றாடல் அதிகாரசபை அமைந்தது 1981இல். சட்டத்தின் மை காயுமுன்னே, தங்கள் வளாகத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் ஓடும் வாய்க்காலின் சேற்றை அள்ளிக்கொண்டு போய்ப் பகுத்துப் பார்த்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மதிப்பாக இருக்கிறது.

•

மேலே போகுமுன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தமிழில் 'ஈயம்' என்பது ஒரு பொருளின் பெயரல்ல, ஒரு குடும்பப் பெயர். தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் ரசம் கொதிக்கும் ஈயச் சொம்பு உண்மையில் வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் பூசுவதும் அதுதான். இந்த அத்தியாயத்தின் ஈயம் வேறு. நம் முன்னோர் அதற்கு இட்ட பெயர் காரீயம். ஆனால் இலங்கையில் பள்ளிக்கூடம் போனவர்களுக்குக் காரீயம் என்றதும் போகலைச் சுரங்கமும் பென்சிலும் நினைவுக்கு வரும். அதுவோ ஈயமே அல்ல, கரி. ஆக மூன்று பொருள்கள் ஒரே பெயரில் உலவுகின்றன. "நாங்கள் ஈயத்தில்தானே ரசம் வைத்துச் சாப்பிட்டோம், எங்களுக்கு என்ன வந்தது?" என்று ஒரு பாட்டி கேட்டால் அது அறியாமை இல்லை. அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பெயர்தான் அவரை ஏமாற்றியிருக்கிறது. வெள்ளீயத்தின் விலை ஏறும்போது அதில் காரீயத்தைக் கலந்து விற்பவர்களும் உண்டு. பாட்டியின் சொம்பைச் சந்தேகிக்காமல் இருக்கலாம். நேற்றுச் சந்தையில் வாங்கிய சொம்பைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

பொறுக்க முடியாத பேச்சைக் கேட்டால் 'காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல' என்கிறோம். இந்த வழக்கிலேயே ஓர் அறிவியல் உண்மை ஒளிந்திருக்கிறது. ஈயத்தைக் காய்ச்ச முடியும். இரும்பு உருக 1538 பாகை செல்சியஸ் வேண்டும். அதற்கு உலை, துருத்தி, கைதேர்ந்த ஆள் எல்லாம் தேவை. ஈயம் 327 பாகையிலேயே உருகிவிடும். மூன்று கல்லும் நாலு விறகும் ஒரு பழைய இரும்புச் சட்டியும் போதும். உலகம் முழுவதும் ஈயத் தொழில் கொல்லைப்புறத்தில் நடப்பதற்கு இந்த ஓர் எண்ணே பெரிய காரணம். வளவுக்குள் இரும்பு ஆலை வைக்க யாராலும் முடியாது. ஈய ஆலையை எவராலும் வைக்க முடியும்.

மலைநாட்டுக்கு ஈயம் புதிதும் அல்ல. 1867இல் கண்டிக்கு அருகே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட பிறகு, இங்கிருந்து லண்டனுக்குக் கப்பலேறிய மரப்பெட்டிகளின் உட்புறத்தில் ஈரம் புகாதிருக்க மெல்லிய ஈயத் தகடு ஒட்டியிருந்தார்கள். அலுமினியத் தாள் வந்து அந்த வழக்கத்தை ஒழித்தது. பெட்டி அடித்தவர்களின் கைகளில் ஒட்டிய ஈயத்தை அன்று யாரும் அளக்கவில்லை.

•

கண்டியின் காற்றுக்கு ஒரு சிக்கல் உண்டு. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், சுற்றிலும் மலை சூழ்ந்த கிண்ணம்போன்ற பள்ளத்தில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் ஹந்தானை, இன்னொரு பக்கம் உடவத்தகலைக் காடு. இரவில் மலைச்சரிவில் குளிர்ந்த காற்று இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதன் மேல் வெப்பமான காற்று மூடிபோல் கவிழ்ந்துவிடும். காலையில் பள்ளிக்கூட வான்களும் பஸ்களும் ஓட்டோக்களும் விடும் புகை அந்த மூடிக்குள்ளேயே சுற்றுகிறது. கொழும்பில் வாகனம் அதிகம்தான், ஆனால் கடற்காற்று வந்து துடைத்துவிடும். கண்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பேராதனையில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஒலிவர் இலேபெரும இதைப் பல ஆண்டுகளாக எடுத்துச் சொல்லிவந்தார். 1998 ஜனவரி 25இல் தலதா மாளிகை முன் குண்டு வெடித்த பிறகு அந்த வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. அதற்கான காரணத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நெரிசல் வாவிக்கரையைச் சுற்றித் திரும்பியது.

அந்த நாட்களில் பெற்றோலில் ஈயம் இருந்தது. எஞ்சினில் எரிபொருள் முன்கூட்டியே வெடித்து 'தட்டுவதை' நிறுத்த, ஈயமும் ஈத்தைலும் சேர்ந்த ஒரு சேர்மத்தைக் கலக்கலாம் என்று அமெரிக்காவில் 1921இல் கண்டுபிடித்தார்கள். அப்போதிருந்து உலகத்து வீதிகளெல்லாம் புகைக்குழாய் வழியே ஈயம் தெளிக்கப்பட்ட வீதிகள்தாம். கண்டியில் அது கிண்ணத்துக்குள் தெளிக்கப்பட்டது. மழை அதைக் கழுவி வாவியிலும் மெத எலவிலும் இறக்கியது.

2002இல் இலங்கை ஈயம் கலந்த பெற்றோலை முழுதாக நிறுத்தியது. கொழும்புப் பிள்ளைகளின் இரத்தத்தை முன்னும் பின்னும் சோதித்த மருத்துவர்கள், ஈய அளவு இறங்கியதை 2004இல் பதிவு செய்தார்கள். உலகிலேயே கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. நம் நாடு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முந்திக்கொண்டது. அரசாங்கத்தைக் குறைசொல்லப் பழகிய நம் வாயால் இதை மனமாரப் பாராட்ட வேண்டும்.

பாராட்டும்போதே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது முடிந்ததற்குக் காரணம், அடைக்க வேண்டிய வாய் ஒன்றே ஒன்றாக இருந்தது. நாட்டுக்கு ஒரு சுத்திகரிப்பு நிலையம், சில இறக்குமதிக் கப்பல்கள், ஓர் அமைச்சு, ஓர் உத்தரவு. எந்தக் குடும்பத்தின் அடுப்பும் அணையவில்லை; எவருடைய பிழைப்பும் போகவில்லை. ஈயம் ஆயிரம் வளவுகளில் பிரிந்து கிடந்தால் என்ன செய்வது? கண்டி இன்று நிற்பது இந்தக் கேள்வியின் முன்தான்.

•

ஈயம் உடலுக்குள் செய்வதை ஆள்மாறாட்டம் என்று சொல்லலாம். உடலுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. ஆனால் அது கல்சியத்தைப்போல வேடமிட்டு உள்ளே வந்துவிடுகிறது. குடல் அதைக் கல்சியம் என்று நம்பி இரத்தத்துக்குள் விடுகிறது. எலும்பு அதைக் கல்சியம் என்று நம்பி இருப்பில் வைக்கிறது. மூளையில் ஒரு நரம்புக்கலம் இன்னொன்றிடம் பேசுவதற்குக் கல்சியம்தான் கதவு திறக்க வேண்டும். அங்கேயும் இந்தப் போலி போய் நிற்கிறது. கதவு நேரம் தவறித் திறக்கிறது, அல்லது திறப்பதே இல்லை. வளரும் மூளை அந்தப் பேச்சின் மூலமே தன்னைக் கட்டிக்கொள்கிறது என்பதால், பெரியவருக்கு வயிற்றுவலியும் இரத்த அழுத்தமுமாகத் தெரிவது பிள்ளைக்கு வாழ்நாள் இழப்பாகிவிடுகிறது.

விழுங்கிய ஈயத்தில் பெரியவரின் உடல் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை உறிஞ்சும். சின்னப் பிள்ளையின் உடல் பாதி அளவுக்கு உறிஞ்சிவிடும். பிள்ளை தரையில் தவழ்கிறது, கையை வாயில் வைக்கிறது. இரும்புச்சத்தும் கல்சியமும் குறைந்த உடல் ஈயத்தை இன்னும் ஆவலாக வாங்கும். தோட்டத்து லயங்களில் இரத்தசோகை எவ்வளவு சாதாரணம் என்று தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். ஒரே தூசி ஒரே முற்றத்தில் விழுந்தாலும், ஒரு வேளை பாலும் கீரையும் கிடைக்கும் பிள்ளைக்கும் கிடைக்காத பிள்ளைக்கும் அது ஒரே அளவு நஞ்சல்ல.

இரத்தத்தில் ஈயம் சுமார் ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும். அதனால் பரிசோதனை தாமதமானால் எண் பொய் சொல்லும். எலும்பிலும் பல்லிலும் அது பல பத்தாண்டுகள் இருக்கும். 1979இல் அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மன், பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து அவற்றின் ஈயத்தை அளந்தார். அதிக ஈயம் கொண்ட பற்களுக்குச் சொந்தக்காரர்கள் நுண்ணறிவுத் தேர்விலும் வகுப்பில் கவனம் செலுத்துவதிலும் பின்தங்கியிருந்தார்கள். நோய் என்று எவரும் சந்தேகிக்காத, பார்வைக்குச் சுகமாக இருந்த பிள்ளைகள் அவர்கள். புத்தரின் பல்லைப் போற்றிக் காத்துவரும் நகரத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது, ஒரு பல்லுக்குள் ஒரு வாழ்க்கையின் கணக்கு எழுதப்பட்டிருக்கும் என்பதை ஏற்க எனக்குச் சிரமமாக இல்லை.

இவ்வளவு ஈயம் வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. உலகில் மூன்று பிள்ளைகளில் ஒருவரின் இரத்தத்தில், ஒரு டெசிலீற்றருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருக்கக்கூடும் என்று யுனிசெஃப் 2020இல் கணக்கிட்டது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் தெற்காசியாவில்.

•

இனிப் பற்றரிக்கு வருவோம்.

மின்சாரம் வராத காலத்தில் லயக் காம்பராவில் தொலைக்காட்சி ஓடியது கார் பற்றரியில். கிராமங்களிலும் அப்படித்தான். வாரத்துக்கொரு தடவை அதைத் தோளிலோ சைக்கிளிலோ பஸ்ஸிலோ ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோய், சார்ஜ் போடும் கடையில் வைத்துவிட்டு, மறுநாள் போய் எடுத்துவர வேண்டும். இரவில் காம்பராவின் மூலையில், பிள்ளைகள் படுக்கும் பாய்க்கு ஒரு முழம் தள்ளி அது இருக்கும். சேலையில் அமிலம் பட்டு ஓட்டை விழுந்த கதை அந்தத் தலைமுறை அம்மாமாரிடம் எல்லாம் உண்டு. ஈயத்தைப் பற்றிய கதை இல்லை. அது ஓட்டை போடுவதில்லை.

இன்று பற்றரி ஓட்டோவில் இருக்கிறது, மோட்டார் சைக்கிளில், லொறியில், கடைகளின் இன்வேட்டரில் இருக்கிறது. ஒரு கார் பற்றரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். அது செத்ததும் குப்பையாவதில்லை, காசாகிறது. பழைய பற்றரியைக் கொடுத்தால் புதியதன் விலையில் கழித்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் "பழைய இரும்பு, பித்தளை" என்று கூவிக்கொண்டு வருகிறவர் கிலோக் கணக்கில் எடுத்துக்கொள்வார். மறுசுழற்சி என்ற வகையில் இது நல்ல செய்தி. உலகில் வேறெந்தப் பொருளும் இவ்வளவு ஒழுங்காகத் திரும்பி வருவதில்லை. எங்கே திரும்பி வருகிறது என்பதில்தான் சிக்கல்.

கொல்லைப்புறத்தில் ஒரு பற்றரியை உடைப்பதைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். முதலில் மூடிகளைத் திருகிக் கவிழ்த்து அமிலத்தைக் கானில் ஊற்றுவார்கள். அதோடு சேர்ந்து, அடியில் உதிர்ந்து கிடக்கும் சாம்பல் நிறக் கூழும் போகும், அது ஈயம். பிறகு கத்தியாலோ கோடரியாலோ மேல் ஓட்டைப் பிளப்பார்கள். உள்ளே அறைக்கு அறை தகடுகள் புத்தகத்தின் ஏடுகள்போல நெருக்கி அடுக்கியிருக்கும். ஒன்றுவிட்ட ஒன்று சொக்லேற் நிறம்; அது ஈய டையொக்சைட்டு. இடையில் உள்ளவை சாம்பல் நிறம். அது கடற்பஞ்சுபோல நுண்துளை விட்ட ஈயம். நன்றாகச் செத்துப்போன பற்றரியானால் இரண்டின் மேலும் வெள்ளை படிந்திருக்கும், ஈய சல்பேற்று. அந்தத் தகட்டைக் கையில் எடுத்து லேசாகத் தட்டினால் பசை உதிர்ந்து மாவாகிறது. அந்த மாவுதான் ஆபத்து. நகக்கண்ணில் ஏறும், சாரத்தின் மடிப்பில் ஏறும், முடியில் ஏறும். தகடுகளைச் சட்டியில் போட்டு உருக்கும்போது மேலே மிதக்கும் கசண்டைக் கரண்டியால் வழித்துப் பக்கத்தில் கொட்டுவார்கள். கீழே பாதரசம்போல் மின்னும் உலோகத்தை அச்சில் வார்ப்பார்கள். கசண்டில் இன்னும் ஈயம் இருக்கிறது. எழும் புகையிலும் இருக்கிறது. புகை குளிர்ந்து பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணியில் இறங்குகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2008இல் வர்த்தமானியில் வந்த ஒழுங்குவிதிகளின்படி பழைய ஈய அமிலப் பற்றரி 'நிரற்படுத்தப்பட்ட கழிவு'. அதைச் சேகரிக்க, ஏற்றிச்செல்ல, களஞ்சியப்படுத்த, உருக்க என ஒவ்வொன்றுக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். எழுத்தில் இது நல்ல சட்டம். நடைமுறையில் அது ஒரு விலைப் போட்டியில் தோற்கிறது. அனுமதி பெற்ற ஆலை புகைவடிகட்டிக்கும், அமிலத்தை நடுநிலையாக்கவும், தொழிலாளரின் இரத்தப் பரிசோதனைக்கும் செலவழிக்க வேண்டும். கொல்லைப்புறத்துக்கு அந்தச் செலவு ஒன்றும் இல்லை. ஆகவே பழைய பற்றரிக்கு ஐம்பது நூறு ரூபாய் கூடக் கொடுக்க அதனால் முடியும். ஓட்டோக்காரர் கூடக் கொடுப்பவரிடம்தான் போவார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. பற்றரி வாங்கும்போதே ஒரு வைப்புத்தொகையைப் பிடித்துவைத்து, அனுமதி பெற்ற இடத்தில் திருப்பிக் கொடுத்தால் மட்டும் அது கிடைக்கும் என்று செய்தால், சோதனைப் பொலிஸை விட அது நன்றாக வேலை செய்யும் என்று நினைக்கிறேன்.

இது எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு ஓர் ஊரின் பெயரைச் சொல்ல வேண்டும். செனகல் நாட்டுத் தலைநகர் டக்காரின் புறத்தே தியரோய் சூர் மேர். அங்கே பல ஆண்டுகள் பற்றரி உடைத்து வந்தார்கள். ஈயத்தின் விலை ஏறியதும், பழைய மண்ணிலேயே ஈயம் இருக்கிறது என்று கண்டு பெண்கள் அதை அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சல்லடையில் சலித்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 பிள்ளைகள் இறந்தார்கள். முதலில் இறந்த பிள்ளைகளுக்கு என்ன வந்தது என்று எவருக்கும் தெரியவில்லை. இறந்தவர்களின் சகோதரர்களுக்கும் தாய்மாருக்கும் இரத்தம் சோதித்த பிறகுதான் விடை கிடைத்தது.

•

ஒரு குடியிருப்பில் இப்படியொரு பட்டறை இருந்தால் அயலவர் என்ன செய்கிறார்கள்? பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. அதற்குக் காரணம் அக்கறையின்மை இல்லை. பட்டறைக்காரர் வேற்றாள் அல்ல. பிள்ளையின் பெயர் சூட்டுக்கு வந்தவர், செத்த வீட்டில் பந்தல் போட்டவர். அவர் மேல் முறைப்பாடு எழுதுவது ஊரைப் பகைப்பது. இன்னொரு காரணமும் உண்டு: முறைப்பாட்டில் என்ன எழுதுவது? புகை, நாற்றம், இருமல் என்று எழுதலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருகிற அன்று அடுப்பு எரியாவிட்டால் புகையும் இல்லை, நாற்றமும் இல்லை. ஈயத்துக்கோ மணமே கிடையாது. மண்ணை அளக்காதவரை அந்த வளவில் ஈயம் இல்லை என்றே ஆகிவிடும்.

கையில் உள்ள கருவிகள் நம்மவர் நினைப்பதைவிட அதிகம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின்படி, பொதுத் தொல்லையை நீக்குமாறு நீதவான் நிபந்தனைக் கட்டளை இடலாம். சிறு கைத்தொழில்களின் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் மாநகர சபை, பிரதேச சபை மட்டத்திலேயே வழங்கப்பட்டுவருவதால், கேட்க வேண்டிய கதவு பஸ் ஏறிப்போகும் தூரத்தில்தான் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், இந்த இடத்துக்கு அனுமதி உண்டா, கடைசியாக எப்போது பார்த்தீர்கள், அளந்த எண்கள் என்ன என்று எழுதிக் கேட்கலாம். கேட்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை. அமைதியாக, பெயர் குறிப்பிட்டுப் பழிசொல்லாமல், எண்ணை மட்டும் கேட்கும் கடிதம் ஊர்ப்பகையை வளர்க்காமல் வேலையை நடத்தக்கூடியது.

தனிக் கடிதம் போதாமல் நீதிமன்றம் வரை போன கதைகளும் உண்டு. அவற்றுள் ஒன்று நம்மவர்களுடையது. சுன்னாகத்தில் மின்னுற்பத்தி நிலையத்தின் எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்தது என்று உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடப்பட்டது. அங்கே குற்றவாளி எண்ணெய், ஈயமல்ல. ஆனால் பாடம் ஒன்றே. 2019 ஏப்ரல் 4ஆம் திகதி வந்த தீர்ப்பு, நிறுவனம் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்றது. மாசு செய்தவரே செலவைத் தாங்க வேண்டும் என்ற கொள்கை, புத்தகத்திலிருந்து இறங்கிக் கிணற்றடிக்கு வந்த நாள் அது. அந்தத் தீர்ப்புக்குப் பின்னால் வாளியில் எண்ணெய் மிதந்ததைத் தங்கள் கண்ணால் கண்ட குடும்பங்கள் இருந்தன. ஈயத்தின் வழக்கில் அந்த வாளி இருக்காது.

கென்யாவில் அந்தக் குறையை ஒரு தாய் தாண்டினார். மொம்பாசாவின் ஓவினோ உகூரு குடியிருப்பை ஒட்டியிருந்த பற்றரி உருக்காலையில் வேலைக்குப் போனவர் பிலிஸ் ஒமிடோ. அவருடைய கைக்குழந்தை நோயில் விழுந்தது. மருத்துவர்கள் மலேரியா, தைபோயிட்டு என்று தேடினார்கள். ஈயத்தைச் சோதித்த பிறகுதான் விடை தெரிந்தது. அவர் அயலவரின் பிள்ளைகளையும் சோதிக்க வைத்தார். ஆலை மூடப்பட்டது; 2015இல் அவருக்குக் கோல்ட்மன் சுற்றாடல் விருது; 2020இல் சுற்றாடல் நீதிமன்றம் குடியிருப்பாளருக்கு 130 கோடி கென்ய ஷில்லிங் இழப்பீடு விதித்தது. அவர் கையில் இருந்த ஆயுதம் கோஷமல்ல, இரத்தப் பரிசோதனைத் தாள். ஒரு குடியிருப்பில் பத்துப் பிள்ளைகளின் இரத்தத்தை அளக்க வழி செய்துவிட்டால், நூறு பேர் கையெழுத்திட்ட மனுவை விட அது கனமானது. ஆனால் ஈயச் சோதனை ஊர்க் கிளினிக்கில் வழக்கமாகச் செய்யும் ஒன்றல்ல. எடை பார்க்கும் தராசுபோல அதுவும் தாய்சேய் நிலையத்துக்கு வர வேண்டும் என்பது என் ஆசை.

•

பெயின்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே பாதிப் பாதை கடந்தாயிற்று. மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமல் பெயின்ட் பளிச்சென்று இருக்கவும் சீக்கிரம் காயவும் ஈயச் சேர்மங்களைப் போடுவது உலக வழக்கமாக இருந்தது. கொழும்பிலுள்ள சுற்றாடல் நீதிக்கான மையம் கடைகளில் பெயின்ட் வாங்கிச் சோதித்து, முடிவுகளோடு உயர் நீதிமன்றம் போனது. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை 2011இல் வர்த்தமானி வெளியிட்டது. 2013 ஜனவரி 1 முதல் விளையாட்டுப் பொருட்களுக்கான பெயின்டில் ஒரு கிலோவுக்கு 90 மில்லிகிராம், எனாமலில் 600 மில்லிகிராம் என்று உச்சவரம்பு வந்தது. எனாமலையும் 90க்கு இறக்க வேண்டும். செய்யக்கூடியதுதான், பல நாடுகள் செய்துவிட்டன.

அதற்கு முன் அடித்த பெயின்ட் இன்னும் கதவுகளிலும் ஜன்னல் கம்பிகளிலும் பள்ளிக்கூட மேசைகளிலும் இருக்கிறது. பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் வீடு வெள்ளையடிக்கும்போது பழையதை உப்புத்தாளால் உலரத் தேய்க்கிறோம். அந்தத் தூசி பற்றரி மாவுக்குத் தம்பி. நனைத்துத் தேயுங்கள், பிள்ளைகளை அன்று பாட்டி வீட்டுக்கு அனுப்புங்கள், தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். பட்டறையில் வேலை செய்யும் தகப்பனுக்கும் இதே மாதிரி ஒரு வழி இருக்கிறது, அதற்குச் செலவும் இல்லை. வேலை உடுப்பை வாசலுக்கு வெளியே கழற்றித் தனியாகத் தோய்க்க வேண்டும். கை, முகம், தலை கழுவின பிறகுதான் பிள்ளையைத் தூக்க வேண்டும். வாசலுக்கு ஓடிவரும் பிள்ளையை அந்தப் பத்து நிமிடம் தூக்காமல் நிற்பது கடினம் என்று எனக்குத் தெரியும்.

•

மெத எல கெட்டம்பேயில் முடிகிறது. அதன் தண்ணீர் முடிவதில்லை. மகாவலி அங்கிருந்து, கண்டியின் குப்பை பல பத்தாண்டுகளாகக் கொட்டப்பட்ட கொஹாகொட மேட்டின் ஓரமாகப் போய், நகரத்துக்குக் குடிநீர் எடுக்கும் கட்டுகஸ்தோட்டையைத் தொட்டு, பொல்கொல்லை அணைக்கட்டை அடைகிறது. 1976 முதல் அங்கே ஒரு பங்கு நீர் மலையைக் குடைந்த ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியே உக்குவளைக்குத் திருப்பப்பட்டு, உலர்வலயத்துக் குளங்களுக்கும் வயல்களுக்கும் ஓடுகிறது. ஜப்பானியக் கடனுதவியோடு கண்டிக்குக் கட்டப்பட்ட கழிவுநீர்த் திட்டம், கன்னொருவையில் சுத்திகரிப்பு நிலையத்தோடு, வாய்க்காலில் விழும் வீட்டுக் கழிவைக் குறைக்கும். நல்ல வேலை அது. ஆனால் அந்தக் குழாய்கள் கழிவுநீருக்குப் போட்டவை. பட்டறைக் கானிலிருந்து வருவதைப் பட்டறையிலேயே நிறுத்த வேண்டும்.

மாரிக்கு முன் வாய்க்கால்களைத் தூர்வாருவார்கள். முழங்கால்வரை சேற்றில் இறங்கி மண்வெட்டியால் அள்ளிக் கரையில் போடும் தொழிலாளர்களின் கையில் உறை இருந்தால் நல்லது. பல இடங்களில் இல்லை. வெயிலடிக்கும் இரண்டு மூன்று நாளில் கரையில் குவித்த சேறு வெளுத்து வெடிக்கும். லொறி வரத் தாமதமானால் ஓரம் உதிரத் தொடங்கும். பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் அதன் மேல் ஏறி இறங்கிப் போவார்கள். அந்தக் குவியலில் ஒரு கரண்டியை எடுத்துப் பேராதனைக்கு அனுப்ப அரை மணிநேரம் போதும்.